மையக் கேட்டல் செயலாக்கக் குறைபாடு

மையக் கேட்டல் செயலாக்கக் குறைபாடு என்பது, காது ஒலியைச் சரியாக உள்வாங்கியபோதும், அவ்வொலியை நடுவண் நரம்பு மண்டலம் பகுத்துணர்வதில் ஏற்படும் குறைபாடு ஆகும். ஆங்கிலத்தில் இது சென்ட்ரல் ஆடிட்டரி பிராசசிங் டிஸ்ஆர்டர் என்றும், சுருக்கமாக சி.ஏ.பி.டி. என்றும் அழைக்கப்படுகிறது. இக்குறைபாடு உடையவரின் ஆடியோகிராம், அதாவது கேட்டல் வரைபடம், பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். அமைதியான அறையில் ஒருவர் மட்டும் பேசினால் அவர் எளிதில் புரிந்துகொள்வார். ஆனால் பலர் பேசும் இடத்திலோ, எதிரொலிக்கும் அறையிலோ, விரைவாகப் பேசப்படும்போதோ சொற்கள் அவருக்குக் குழம்பிவிடுகின்றன.

இதனால் இக்குறைபாடு உள்ள குழந்தைகள் கவனமற்றவர்கள் என்றோ, சொல் பேச்சுக் கேளாதவர்கள் என்றோ தவறாகக் கருதப்படுவதுண்டு. மறுபுறம், கவனக்குறைவோ மொழிக்குறைபாடோ உள்ள குழந்தைக்கு இப்பெயர் தவறாகச் சூட்டப்படுவதும் உண்டு. ஆகவே இக்குறைபாட்டை எவ்வாறு வகைப்படுத்துவது, எந்தச் சோதனைகளைக் கொண்டு அறுதியிடுவது என்பவை கேட்பியல் துறையில் இன்றும் விவாதிக்கப்படும் வினாக்களாக உள்ளன.

கேட்டலின் பாதை

ஒலி அலைகள் செவிப்பறையையும் நடுச்செவிச் சிற்றெலும்புகளையும் கடந்து காக்ளியா எனப்படும் நத்தைச்சுருளை அடைகின்றன. அங்கு அவை நரம்புக் குறிகைகளாக மாற்றப்படுகின்றன. ஆடியோகிராம் முதன்மையாக இதுவரையிலான பாதையின் நிலையையே காட்டுகிறது.

இதன் பின் குறிகைகள் செவி நரம்பின் வழியாக மூளைத்தண்டுக்குச் செல்கின்றன. மூளைத்தண்டின் ஒரு பகுதியில் இரு காதுகளின் குறிகைகளும் முதன்முறையாக ஒப்பிடப்படுகின்றன. ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்பதை அறிவதற்கு இவ்வொப்பீடே அடிப்படை. பின்னர் அவை நடுமூளையையும் தலாமசையும் கடந்து, மூளையின் பொட்டு மடலில் உள்ள கேட்டல் புறணியை அடைகின்றன. வலக்காதின் குறிகைகள் பெரும்பகுதி இட மூளைக்கும், இடக்காதின் குறிகைகள் பெரும்பகுதி வல மூளைக்கும் செல்கின்றன. இரு அரைக்கோளங்களையும் கார்ப்பஸ் கலோசம் என்னும் நரம்பிழைக் கற்றை இணைக்கிறது.

ஒரு கணினியுடன் இதனை ஒப்பிடலாம். ஒலிவாங்கி பழுதின்றி இயங்கினாலும், பதிவான ஒலியிலிருந்து பேச்சைப் பிரித்தெடுக்கும் பகுதியில் வழு இருந்தால் வெளியீடு பிழையாகவே இருக்கும். ஒலிவாங்கியை மட்டும் சோதிப்பதால் அவ்வழு வெளிப்படாது.

வரலாறு

1954 ஆம் ஆண்டில் இத்தாலியைச் சேர்ந்த பொக்கா, கலேயாரோ, கசினாரி ஆகிய மருத்துவர்கள், பொட்டு மடலில் கட்டி உள்ள நோயாளிகளை ஆராய்ந்தனர். அந்நோயாளிகளின் வழக்கமான கேட்டல் சோதனைகள் இயல்பாக இருந்தன. ஆனால் உயர் அதிர்வெண்கள் நீக்கப்பட்டு மங்கலாக்கப்பட்ட பேச்சைக் கேட்கச் செய்தபோது, கட்டி இருந்த பக்கத்திற்கு எதிர்ப்பக்கக் காதில் அவர்கள் தடுமாறினர். மையக் கேட்டல் பாதையைச் சோதிக்க, எளிமையான ஒலிக்கு மாறாகச் சிதைக்கப்பட்ட ஒலி தேவை என்ற கருத்து இதிலிருந்து உருவானது.

அதே ஆண்டில் பிரித்தானிய உளவியலாளர் டொனால்டு பிராட்பெண்ட், இரு காதுகளிலும் ஒரே நேரத்தில் வெவ்வேறு எண்களை ஒலிக்கச் செய்யும் முறையைப் பயன்படுத்தினார். 1961 ஆம் ஆண்டில் டோரீன் கிமுரா கனடாவில் இம்முறையைக் கொண்டு மூளைப் பாதிப்புள்ளோரை ஆராய்ந்தார். 1962 ஆம் ஆண்டில் ஜாக் கட்ஸ், ஒன்றன்மேல் ஒன்று பகுதியாகப் படியும் சொற்களைக் கொண்ட சோதனையை வெளியிட்டார். மூளைக்கட்டியின் இடத்தை அறிய உருவான இத்தகைய முறைகள், பிற்காலத்தில் கற்றலில் பின்தங்கிய குழந்தைகளைச் சோதிக்கவும் பயன்படுத்தப்பட்டன. வெளிப்படையான மூளைப்புண் ஏதும் இல்லாத குழந்தைகளிடம் இச்சோதனைகள் எதை அளக்கின்றன என்ற கேள்வி அன்றிலிருந்து தொடர்கிறது.

வரையறை

அமெரிக்கப் பேச்சு மொழி கேட்டல் சங்கம் 1996 ஆம் ஆண்டிலும், விரிவாக 2005 ஆம் ஆண்டிலும் இக்குறைபாட்டிற்கு வரையறை வெளியிட்டது. அதன்படி பின்வரும் திறன்களில் ஒன்றோ பலவோ குறைந்திருத்தல் இக்குறைபாடாகும்:

- ஒலி வரும் திசையையும் இடத்தையும் அறிதல்
- ஒத்த ஒலிகளை வேறுபடுத்தி அறிதல்
- ஒலிகளின் வரிசை அமைப்பை அறிதல்
- ஒலியின் கால இடைவெளி, கால அளவு ஆகியவற்றை உணர்தல்
- போட்டி ஒலிகளுக்கு இடையே கேட்டல்
- மங்கிய அல்லது சிதைந்த ஒலியைப் புரிந்துகொள்ளல்

அமெரிக்காவில் பயன்படும் ஐ.சி.டி.-10-சி.எம். நோய்ப் பகுப்பில் இக்குறைபாட்டிற்கு எச்93.25 என்ற தனிக் குறியீடு உண்டு. ஆயினும் 2013 ஆம் ஆண்டில் வெளியான டி.எஸ்.எம்.-5 உளநோய்க் கையேட்டில் இது தனிக் குறைபாடாக இடம்பெறவில்லை.

அறிகுறிகள்

குழந்தைகளிடம் பொதுவாகக் காணப்படும் அறிகுறிகள் வருமாறு:

- அடிக்கடி "என்ன?" என்று கேட்டல், சொன்னதைத் திரும்பச் சொல்லுமாறு வேண்டுதல்
- இரைச்சலில் பேச்சைப் பின்தொடர இயலாமை
- இரண்டு மூன்று கட்டளைகளை ஒன்றாகக் கூறினால் முதலாவதையோ கடைசியையோ மட்டும் செய்தல்
- ஒத்தொலிக்கும் சொற்களை மாற்றிக் கேட்டல்
- சொல்வதெழுதுதலில் மிகுதியான பிழைகள்
- கேள்விக்கு விடையளிக்கக் காலம் தாழ்த்தல்

இவற்றுள் எதுவும் இக்குறைபாட்டிற்கே உரிய தனி அறிகுறி அன்று. கேட்டல் இழப்பு, கவனக்குறைவு, மொழிக்குறைபாடு ஆகியவற்றிலும் இவை காணப்படும். எனவே அறிகுறிகளை மட்டும் கொண்டு அறுதியிட இயலாது.

வகைப்பாடு

காரண அடிப்படையில்

பிரித்தானியக் கேட்பியல் கழகம் இக்குறைபாட்டை மூன்றாகப் பகுக்கிறது.

1. வளர்ச்சிசார் வகை: கேட்டல் இழப்போ அறியப்பட்ட பிற காரணமோ இன்றிக் குழந்தைப் பருவத்திலேயே தோன்றுவது.
2. பெற்ற வகை: தலைக்காயம், பக்கவாதம், கட்டி, தொற்று, முதுமை போன்றவற்றின் விளைவாகப் பின்னர் ஏற்படுவது.
3. இரண்டாம் நிலை வகை: புறச்செவி முதல் உட்செவி வரையிலான கேட்டல் இழப்பின் விளைவாக ஏற்படுவது. நடுச்செவியில் நீர் கோத்துச் சில காலம் கேட்டல் குறைந்து, பின்னர் சரியான குழந்தைகளும் இதில் அடங்குவர்.

திறன் அடிப்படையில்

டெரி பெல்லிஸ், ஜீனேன் பெர்ரி ஆகியோரின் பகுப்பு மூன்று முதன்மை வகைகளைக் கொண்டது.

1. ஒலி பகுத்தறிதல் குறைபாடு: இட மூளையின் கேட்டல் புறணியுடன் தொடர்புடையது. ஒத்த ஒலிகளைப் பிரித்தறிவது கடினமாகும். இரு காதுகளிலும், சிறப்பாக வலக்காதில், மதிப்பெண் குறையும்.
2. ஒலிநயக் குறைபாடு: வல மூளையுடன் தொடர்புடையது. குரலின் ஏற்ற இறக்கம் புலப்படாது. கேலியையும் கண்டிப்பையும் பிரித்தறிவது கடினமாகும். இடக்காதின் மதிப்பெண் குறையும்.
3. ஒருங்கிணைப்புக் குறைபாடு: இரு அரைக்கோளங்களுக்கு இடையிலான பரிமாற்றத்துடன் தொடர்புடையது. கேட்டுக்கொண்டே எழுதுதல் போன்ற செயல்கள் கடினமாகும்.

இவற்றுடன் இணைத்தறிதல் குறைபாடு, வெளியீட்டு ஒழுங்கமைப்புக் குறைபாடு என்னும் இரண்டு துணை வகைகளும் கூறப்படுகின்றன. பஃபலோ மாதிரி எனப்படும் ஜாக் கட்சின் பகுப்பு, ஒலி பகுத்தறிதல், இரைச்சல் தாங்குதலும் குறுங்கால நினைவும், ஒருங்கிணைப்பு, ஒழுங்கமைப்பு என நான்கு வகைகளைக் கொண்டது. ஒரே குழந்தை இரு பகுப்புகளிலும் ஒரே வகையில் அடங்கும் என்று கூற இயலாது. இவ்வகைகள் பயிற்சியைத் திட்டமிட உதவும் வழிகாட்டிகளே அன்றி, தனித்தனி நோய்கள் அல்ல.

அறுதியிடல்

முதற்கட்டத் தேர்வு

பள்ளியளவில் வினாப்பட்டியல்கள் பயன்படுகின்றன. மைசூரில் 1965 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அனைத்திந்தியப் பேச்சு கேட்டல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், 2000களின் தொடக்கத்தில் ஆசிரியர்கள் நிரப்பக்கூடிய எஸ்.சி.ஏ.பி. என்னும் வினாப்பட்டியலை உருவாக்கினர். அது 12 வினாக்களைக் கொண்டது. அந்நிறுவனத்தில் உருவாகி 2013 ஆம் ஆண்டில் ஆய்விதழில் வெளியான எஸ்.டி.ஏ.பி. என்னும் சோதனை, இரைச்சலில் பேச்சு, இரு காதுகளிலும் வேற்றொலி, இடைவெளி அறிதல், கேட்டல் நினைவு என நான்கு பகுதிகளைக் கொண்டது. முதற்கட்டத் தேர்வில் தவறும் குழந்தையை முழுச் சோதனைக்கு அனுப்பவேண்டும் என்பதே இவற்றின் பொருள். குறைபாடு உறுதியாயிற்று என்பது பொருளன்று.

அடிப்படைச் சோதனைகள்

முதலில் புறச்செவி முதல் செவி நரம்பு வரை பழுதில்லை என்பது உறுதி செய்யப்படுகிறது. தூய தொனிச் சோதனை, நடுச்செவி அழுத்தச் சோதனை, காக்ளியா தானே எழுப்பும் நுண்ணொலிகளைப் பதியும் ஓ.ஏ.ஈ. சோதனை ஆகியவை செய்யப்படுகின்றன. பெரா எனப்படும் மூளைத்தண்டு மின்தூண்டல் சோதனையும் தேவைப்படலாம். நுண்ணொலிகள் இயல்பாக இருந்து, பெரா பதிவு காணப்படாமலோ மிகவும் சிதைந்தோ இருந்தால், அது செவி நரம்புப் பாதிப்பு வகையைச் சேர்ந்தது. அதனை மையக் கேட்டல் குறைபாட்டுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது.

நடத்தைவழிச் சோதனைகள்

ஒரு சோதனை எல்லாத் திறன்களையும் அளக்காது என்பதால், ஒரு தொகுதியாகவே சோதனைகள் செய்யப்படுகின்றன.

- இருசெவி வேற்றொலிச் சோதனை: ஒரே நேரத்தில் இரு காதுகளுக்கும் வெவ்வேறு எண்கள் அல்லது சொற்கள் ஒலிக்கப்படும். குழந்தை அனைத்தையும் திருப்பிக் கூறவேண்டும். இளங்குழந்தைகளிடம் வலக்காதின் மதிப்பெண் இயல்பாகவே கூடுதலாக இருக்கும். கார்ப்பஸ் கலோசம் முதிர்ச்சியடைய இவ்வேறுபாடு குறைகிறது.
- சுருதி வரிசைச் சோதனை: 880 ஹெர்ட்சு, 1122 ஹெர்ட்சு அதிர்வெண்களில் மூன்று தொனிகள் அடுத்தடுத்து ஒலிக்கப்படும். குழந்தை "மேல், கீழ், மேல்" என்பது போல் வரிசையைச் சொல்லவேண்டும். சொல்ல இயலாமல், வாய்மூடி இசைத்துக் காட்ட மட்டும் இயன்றால், இரு அரைக்கோளங்களுக்கு இடையிலான பரிமாற்றத்தில் சிக்கல் இருக்கலாம்.
- இடைவெளி அறிதல் சோதனை: தொடர் இரைச்சலின் நடுவே சில மில்லிநொடி அமைதி செருகப்படும். இயல்பான கேட்டல் உள்ள பெரியவர்கள் ஏறத்தாழ 5 மில்லிநொடி இடைவெளியை உணர்வர்.
- மங்கிய பேச்சுச் சோதனை: அதிர்வெண் வடிகட்டப்பட்ட, விரைவாக்கப்பட்ட அல்லது இரைச்சல் கலந்த பேச்சு பயன்படுத்தப்படும்.
- இருசெவி இடைவினைச் சோதனை: இரு காதுகளின் குறிகைகளையும் ஒப்பிடும் மூளைத்தண்டின் திறனை அளக்கும். ஆத்திரேலியாவில் உருவான லிசன்-எஸ் சோதனை, பேச்சும் இரைச்சலும் வெவ்வேறு திசைகளிலிருந்து வரும்போது குழந்தை அடையும் பயனை அளக்கிறது.

இச்சோதனைகளின் மதிப்பெண் வயதுடன் பெரிதும் மாறுபடுவதால், பொதுவாக 7 வயதுக்கு முன் இவற்றைக் கொண்டு அறுதியிடுவதில்லை.

அளவுகோல்

அமெரிக்கச் சங்கத்தின் 2005 ஆம் ஆண்டு அறிக்கையின்படி, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சோதனைகளில் சராசரியிலிருந்து 2 திட்ட விலக்கமாவது குறைந்திருக்கவேண்டும். ஒரே ஒரு சோதனையில் மட்டும் குறைவு காணப்பட்டால், அது 3 திட்ட விலக்கம் அளவிற்கு இருக்கவேண்டும், அல்லது அன்றாட வாழ்வில் குறிப்பிடத்தக்க இடர்ப்பாடு இருக்கவேண்டும்.

இந்த அளவுகோல் ஏன் தேவை என்பதைக் கணக்கின் மூலம் காணலாம். இயல்பான குழந்தை ஒன்று ஒரு சோதனையில் 2 திட்ட விலக்கத்திற்குக் கீழ் வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 2.3 விழுக்காடு. ஐந்து சோதனைகளை இரு காதுகளுக்கும் தனித்தனியே செய்தால் 10 மதிப்பெண்கள் கிடைக்கும். அவை ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டால், குறைந்தது ஒன்றிலாவது தவறும் வாய்ப்பு ஏறத்தாழ 21 விழுக்காடாக உயர்கிறது. குறைந்தது இரண்டில் தவறும் வாய்ப்பு ஏறத்தாழ 2 விழுக்காடு மட்டுமே. அதாவது "ஏதேனும் ஒன்றில் தவறினால் போதும்" என்று வைத்தால், குறைபாடே இல்லாத ஐந்து குழந்தைகளுள் ஒருவருக்கு இப்பெயர் சூட்டப்பட்டுவிடும். உண்மையில் இம்மதிப்பெண்கள் ஓரளவு ஒன்றையொன்று சார்ந்தவை என்பதால் எண்கள் மாறும், சிக்கல் மாறாது.

2013 ஆம் ஆண்டில் ஆத்திரேலிய ஆய்வாளர்கள் வில்சன், ஆர்னாட் ஆகியோர், சோதனைக்கு வந்த 150 குழந்தைகளின் மதிப்பெண்களை ஒன்பது வெவ்வேறு அளவுகோல்களால் மதிப்பிட்டனர். அளவுகோலைப் பொறுத்து, குறைபாடு உள்ளதாகக் கொள்ளப்பட்ட குழந்தைகளின் பங்கு 7.3 விழுக்காட்டிலிருந்து 96 விழுக்காடு வரை மாறியது. எனவே எந்த அளவுகோலால் அறுதியிடப்பட்டது என்பதைக் குறிப்பிடாத அறிக்கை முழுமையானதன்று.

பிற குறைபாடுகளிலிருந்து வேறுபடுத்தல்

கவனக்குறைவு மிகைஇயக்கக் குறைபாடு உள்ள குழந்தை எல்லாச் சோதனைகளிலும் சீரின்றி மதிப்பெண் பெறக்கூடும். இடையிடையே ஓய்வளித்து மீண்டும் சோதித்தால் மதிப்பெண் மாறும். கேட்டல் செயலாக்கக் குறைபாட்டில், குறிப்பிட்ட திறனிலோ குறிப்பிட்ட காதிலோ குறைவு திரும்பத் திரும்பக் காணப்படவேண்டும். மொழிக்குறைபாடு உள்ள குழந்தை சொற்களைக் கொண்ட சோதனைகளில் தடுமாறினாலும், தொனிகளை மட்டும் கொண்ட சோதனைகளில் இயல்பாக இருக்கக்கூடும். டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாட்டுடன் இக்குறைபாடு சேர்ந்தும் காணப்படலாம். எனவே கேட்பியல் வல்லுநருடன் பேச்சு மொழி வல்லுநர், உளவியலாளர், ஆசிரியர் ஆகியோரும் மதிப்பீட்டில் பங்குபெறுவது வலியுறுத்தப்படுகிறது.

தமிழில் சோதித்தல்

ஆங்கிலத்தில் உருவான சோதனைகளை மொழிபெயர்த்தால் மட்டும் அவை தமிழ்ச் சோதனைகள் ஆகிவிடா. இதற்குச் சில காரணங்கள் உள்ளன.

முதலாவது, சொல்லின் நீளம். பரவலாகப் பயன்படும் ஆங்கில எண் சோதனையில் 1 முதல் 10 வரையுள்ள எண்களில் 7 மட்டும் விடப்படுகிறது. ஏனெனில் ஆங்கிலத்தில் அதற்கு மட்டும் இரண்டு ஒலியசைகள் உண்டு. இரு காதுகளிலும் ஒலிக்கும் சொற்கள் ஒரே நேரத்தில் தொடங்கி முடியவேண்டும். எழுத்துத் தமிழில் "இரண்டு", "ஒன்பது" ஆகியவை மூன்று ஒலியசைகளையும், மற்றவை இரண்டையும் கொண்டவை. பேச்சுத் தமிழில் "ரெண்டு" இரண்டாகச் சுருங்குகிறது; "ஒம்பது" மூன்றாகவே நிற்கிறது. ஆகவே தமிழில் விடப்படவேண்டிய எண் 7 அன்று.

இரண்டாவது, வல்லின ஒலிகள். வேற்றொலிச் சோதனைகள் சிலவற்றில் ப, ட, க ஆகியவற்றின் அதிர்வில்லா வடிவங்களும் அதிர்வுள்ள வடிவங்களுமாக ஆறு ஒலிகள் பயன்படுகின்றன. தமிழ் எழுத்தில் இவ்விணைகளுக்குத் தனித்தனி எழுத்துகள் இல்லை. தமிழ் எழுத்தில் எழுதியோ சுட்டியோ விடையளிக்கும் குழந்தை எவ்வொலியைக் கேட்டது என்பதை அறிய இயலாது.

மூன்றாவது, தமிழுக்கே உரிய வேறுபாடுகள். படு - பாடு, புளி - புள்ளி போன்ற இணைகளில் ஒலியின் கால அளவே பொருளை மாற்றுகிறது. ல, ழ, ள வேறுபாடும் நுண்ணிய கேட்டலைக் கோருகிறது. ஆங்கிலச் சோதனைகள் இவற்றை அளப்பதில்லை.

நான்காவது, இரட்டை வழக்கு. வீட்டில் பேச்சுத் தமிழை மட்டும் கேட்டு வளர்ந்த குழந்தைக்கு எழுத்து வழக்கு வாக்கியங்களை ஒலித்தால், கேட்டலைவிட மொழிப்பயிற்சியே அளக்கப்படும். வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் ஆங்கிலமுமாக வளரும் நகர்ப்புறக் குழந்தைகளுக்கு இது மேலும் பொருந்தும். அதனால், சொற்களைச் சாராத தொனிச் சோதனைகளையும், குழந்தையின் முதன்மை மொழியில் அமைந்த சொற்சோதனைகளையும் சேர்த்துப் பயன்படுத்துவது ஏற்றது. ஒப்பிடப்படும் சராசரியும் அதே மொழி பேசும், அதே வயதுக் குழந்தைகளிடமிருந்து பெறப்பட்டதாக இருக்கவேண்டும்.

சென்னையில்

சென்னையின் தென், நடுப் பகுதிகளில் கேட்டல், கற்றல் ஆகியவை சார்ந்த பல நிறுவனங்கள் உள்ளன. அடையாற்றில் பால வித்யாலயா 1969 முதலும், மயிலாப்பூரில் கிளார்க் பள்ளி 1970 முதலும் செவித்திறன் குறைந்த குழந்தைகளுக்காகப் பணியாற்றி வருகின்றன. தியாகராய நகரில் உள்ள மதராசு டிஸ்லெக்சியா சங்கம் 1991 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. மயிலாப்பூரை அடுத்த இராசா அண்ணாமலைபுரத்தில் சென்னை காது மூக்கு தொண்டை ஆராய்ச்சி அறக்கட்டளை அமைந்துள்ளது.

கேட்டல் இழப்பு, கற்றல் குறைபாடு ஆகிய இரு துறைகளுக்கும் இடைப்பட்டதாக மையக் கேட்டல் குறைபாடு உள்ளது. காது இயல்பானது என்பதால் முதல் துறையின் கவனத்திலிருந்தும், வாசிப்பு ஓரளவு சரியாக இருந்தால் இரண்டாம் துறையின் கவனத்திலிருந்தும் குழந்தை விடுபடக்கூடும்.

சட்டத்திலும் இதே நிலை காணப்படுகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, பேச்சு அதிர்வெண்களில் இரு காதுகளிலும் 60 முதல் 70 டெசிபல் இழப்பு உள்ளோரைக் கேட்டல் குறைந்தோர் என்றும், 70 டெசிபல் இழப்பு உள்ளோரைக் காதுகேளாதோர் என்றும் வரையறுக்கிறது. ஆடியோகிராம் இயல்பாக உள்ள குழந்தை இதில் அடங்காது. அச்சட்டத்தின் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகள் என்னும் பிரிவு, பேசப்படும் மொழியைக் கையாள்வதில் உள்ள குறையையும், புலனுணர்வுக் குறைபாடுகளையும் குறிப்பிடுகிறது. ஆனால் மையக் கேட்டல் குறைபாட்டைப் பெயர் சுட்டிக் கூறவில்லை.

வகுப்பறை இரைச்சலும் கருதத்தக்கது. ஒலி மாசு விதிகள், 2000, பள்ளிகளைச் சுற்றிய 100 மீட்டர் வரையிலான அமைதி மண்டலத்திற்குப் பகலில் 50 டெசிபல் என்ற வரம்பை விதிக்கின்றன. வணிகப் பகுதிக்கான வரம்பு 65 டெசிபல். ஆசிரியரின் குரல் இரைச்சலைவிட 15 டெசிபல் மேலே இருப்பது நல்லது எனக் கேட்பியல் பரிந்துரைகள் கூறுகின்றன. ஆசிரியரின் குரல் 1 மீட்டரில் 65 டெசிபல் எனக் கொண்டால், திறந்த வெளியில் 4 மீட்டர் தொலைவில் அது ஏறத்தாழ 53 டெசிபலாகக் குறையும். அமைதி மண்டல வரம்பு கடைப்பிடிக்கப்பட்டு, அதே 50 டெசிபல் அறைக்குள்ளும் இருந்தால், கடைசி வரிசையில் எஞ்சும் வேறுபாடு 3 டெசிபல் மட்டுமே. அறைக்குள் சுவர்களின் எதிரொலி குரலின் அளவைச் சற்று உயர்த்தினாலும் தெளிவைக் குறைக்கிறது. சாளரங்கள் திறந்து மின்விசிறிகள் சுழலும் வகுப்பறையில் இயல்பான குழந்தைகளுக்கும் இது கடினம்.

கருத்து வேறுபாடுகள்

இது தனியொரு குறைபாடுதானா என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. 2010 ஆம் ஆண்டில் டேவிட் மூர் குழுவினர், பிரித்தானியாவில் 6 முதல் 11 வயது வரையுள்ள 1469 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டனர். குழந்தைகளின் கேட்டல் இடர்ப்பாடுகள், ஒலியை உணரும் திறனைவிடக் கவனத்துடனும் பிற அறிதிறன்களுடனுமே கூடுதல் தொடர்புடையவை என அவர்கள் முடிவு செய்தனர். மறுசாரார், மூளைப்புண் உள்ளோரிடம் நிறுவப்பட்ட சோதனைகள் குறிப்பிட்ட நரம்புப் பாதைகளை அளக்கின்றன என்றும், கவனக்குறைவால் மட்டும் ஒரு காதில் மதிப்பெண் குறைவதை விளக்க இயலாது என்றும் வாதிடுகின்றனர்.

மேலாண்மை

அறுதியிடலின் பயன், அதிலிருந்து பெறப்படும் உதவியே ஆகும். சூழலை மாற்றுதல் முதற்படி: குழந்தையை ஆசிரியருக்கு அருகில், சாளரத்திற்கும் கதவுக்கும் தொலைவில் அமர்த்துதல், முகம் பார்த்துப் பேசுதல், கட்டளைகளை ஒவ்வொன்றாகக் கூறுதல், முக்கியச் செய்திகளைக் கரும்பலகையில் எழுதுதல். ஆசிரியர் அணியும் ஒலிவாங்கியிலிருந்து குழந்தையின் காதுக்குக் கம்பியின்றி ஒலியை அனுப்பும் கருவிகளும் பயன்படுகின்றன. குறைந்த திறனுக்கேற்ற கேட்டல் பயிற்சிகளும் அளிக்கப்படுகின்றன. எடுத்துக்காட்டாக, ஒரு காது மட்டும் பின்தங்கியிருந்தால் இருசெவிப் பயிற்சியும், திசைசார் கேட்டல் குறைந்திருந்தால் அதற்கான கணினிப் பயிற்சியும் அளிக்கப்படலாம்.

இருக்கையை மாற்றுதல் போன்ற எளிய உதவிகளுக்கு அறுதியிடல் முடியும் வரை காத்திருக்கத் தேவையில்லை. பயிற்சியைத் தேர்ந்தெடுப்பதற்கோ, எந்தத் திறன், எந்தக் காதில், எந்த மொழியில் சோதிக்கப்பட்டு, எவ்வளவு குறைந்துள்ளது என்பதைக் கூறும் அறிக்கை இன்றியமையாதது.